கிணற்றுக்குச் சாட்சி யார்?

(ஆம்பூர் வட்டாரத்து இளைஞர்கள், வணிகர்கள் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எங்கள் மஹல்லாவில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் போதவில்லை. வசூல் செய்து ஆழ்குழாய்க் கிணறு போட முடிவெடுத்தோம். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வந்தோம். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் துளையிட்டோம். புழுதிதான் வந்தது! ஏழைகளும் கொடுத்த பணம் பாறைக்குள் போயிற்று. முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். பாகப்பிரிவினை என்றால் ஆலிமிடம் வருகிறோம். பூமிக்குள் இருக்கும் தண்ணீரைப் பற்றி மட்டும் அதைப் படித்தவரைக் கேட்க நமக்குத் தோன்றவில்லையே! அறிந்தவர்களிடம் கேட்கச் சொல்லும் மார்க்கத்தை மேடைதோறும் பேசும் நானே அதை மறந்தேன்.

அது ஒரு பள்ளிவாசலின் நஷ்டம். கேட்காததால் ஓர் ஆற்றுப் படுகையே நஷ்டப்பட்ட கதை நம் கண்ணெதிரே இருக்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று இந்தப் பகுதி நெடுகிலும் தோல் பதனிடும் தொழிலால் நம் சமுதாயம் நிமிர்ந்தது. அந்த வருமானத்தில் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் எழுந்தன. இதை யாரும் மறுக்க முடியாது. அதே பாலாற்றங்கரையில் விவசாயியின் கிணறு உப்பாயிற்று. இதையும் மறுக்க முடியாது.

அந்த விவசாயி பல காலம் முறையிட்டார். அவர் சொல் எப்போது சாட்சியமாயிற்று தெரியுமா? படித்தவர்கள் வந்து அளந்து எழுதியபோதுதான்! தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணக்குக் கொடுத்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கில், 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன.

இந்தக் கணக்குகள் உச்ச நீதிமன்றத்தின் முன் போயின. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த ஆணையம் 2001இல், 29,000-க்கும் அதிகமானோருக்குச் சுமார் 26 கோடி ரூபாய் இழப்பீடு என்று நிர்ணயித்தது.

அதே 1996 டிசம்பரில் இன்னொரு வழக்கு. நாடெங்கும் நிலத்தடி நீர்மட்டம் இறங்குவதைப் பற்றி, நாக்பூர் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையும் அதில் பார்க்கப்பட்டது. விளைவு? 1997 ஜனவரியில் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் பிறந்தது. நிபுணர் ஆட்சி செய்வதில்லை, சகோதரர்களே! ஆனால் அவர் அளந்து கொடுக்கும் எண் இல்லாமல் ஆட்சியாளரும் நீதிபதியும் அசைய மாட்டார்கள்.

"நம் சமுதாயத்தின் தொழிலைக் குறி வைக்கிறார்கள்" என்று சிலர் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உப்பாய்ப்போன கிணற்றுக்கு மதம் உண்டா? தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் உங்கள் தொழிலாளி எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்? ஒருவர் கிணற்றைச் சுற்றி, அதன் ஊற்றைக் கெடுக்கும்படி மற்றொருவர் தோண்டக் கூடாத எல்லைக்கு 'ஹரீம்' என்று பெயரிட்டு, ஃபிக்ஹு நூல்களில் நம் இமாம்கள் சட்டம் வகுத்திருக்கிறார்கள். தோண்டுவதற்கே எல்லை என்றால், கழிவை விடுவதற்கு எல்லை இல்லையா?

நிபுணர் குற்றம் சாட்டிவிட்டுப் போகிறவர் அல்ல; வழியும் சொல்கிறார். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுகிறோம். ஊறவைக்கும்போது அந்த உப்புதான் தண்ணீரில் கரைந்து போகிறது. குரோமியத்தைப் படிய வைத்துப் பிரித்து மீண்டும் பயன்படுத்தலாம். கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பு நிலையம் எடுக்காது. அதை எடுக்கச் சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்க வைத்து வற்றச் செய்ய வேண்டும், செலவு அதிகம். தோலை ஊறவைக்கும் முன்பே உப்பை உதறி எடுத்துவிட்டால் அந்தச் சுமை குறைகிறது. சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்பது தேங்காயைக் கேட்பதைவிட லாபம்!

பிரித்தெடுத்த கழிவைப் பாதுகாக்காவிட்டால் என்னவாகும்? 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் சகதித் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது பாய்ந்தது. 10 உயிர்கள் போயின. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அறிக்கை மட்டும் போதுமா? போதாது. நிலத்தடி நீருக்காகத் தமிழ்நாடு 2003இல் ஒரு சட்டம் இயற்றியது. நடைமுறைக்கே வராமல் 2013இல் அது இரத்து செய்யப்பட்டது. எந்தக் குறுவட்டத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சுகிறோம் என்று நிபுணர்கள் கணக்கிட்டுப் பட்டியல் போடுகிறார்கள். உங்கள் குறுவட்டம் அதில் எந்த வகையில் வருகிறது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? மக்கள் கேட்காத அறிக்கை பீரோவில்தான் தூங்கும்.

2001இல் நிர்ணயித்த இழப்பீடு முழுமையாகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாக்கியை அரசே கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலிக்க உத்தரவிட்டது. ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் நிபுணர்களும் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் கொண்ட குழுவை அமைக்கவும் சொன்னது. அளப்பவரும் அனுபவிப்பவரும் ஒரே மேசையில்! இதைத்தான் 1996க்கு முன்பே நாமாகச் செய்திருக்க வேண்டும்.

இளைஞர்களே! மாதம் ஒருமுறை உங்கள் மஹல்லாக் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து குறித்து வையுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பள்ளிவாசல் கூரையில் விழும் மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்புங்கள். உங்களில் சிலராவது நிலத்தடி நீரியல் படியுங்கள். அந்த அறிக்கைகளைத் தமிழில் மக்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். நிபுணர் சொன்னார் என்று கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். யார் செலவில், எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்று கேளுங்கள்!

வணிகப் பெருமக்களே! எத்தனை தோல் வந்தது, எத்தனை போயிற்று என்று கணக்கு வைக்கிறீர்கள். எவ்வளவு உப்பு வந்தது, எங்கே போயிற்று என்றும் ஒரு கணக்கு எழுதுங்கள். நாளை மஹ்ஷரில் கேட்கப்படும் கணக்கு அது. கிணறும் அங்கே சாட்சி சொல்லும் என்று அஞ்சுங்கள்.

வல்ல இறைவன் நமக்கு நல்லுணர்வைத் தருவானாக! வஸ்ஸலாம்.