இறங்குமுன் கணக்குப் பாருங்கள்!

(குன்னூரில் தோட்டத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



மழை விட்டபாடில்லை. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, ஈரச் சேலையோடேயே பல தாய்மார்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கீழேயிருந்து கோயமுத்தூர் மில் தோழர்களும், காரமடைப் பக்கம் காட்டுவேலை செய்கிற தோழர்களும் வந்திருக்கிறார்கள். ஆகவே நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம். இன்று எந்த லயனுக்குப் போனாலும் ராத்திரி அடுப்படியில் அதுதான் பேச்சு: "இங்கேயே கிடப்பதா, திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ இறங்கிவிடுவதா?"

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில வருஷங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கூட்டத்தில், "யாரும் தோட்டத்தை விட்டுப் போகாதீர்கள், போகிறவன் சங்கத்தைக் காட்டிக்கொடுக்கிறவன்" என்கிற மாதிரி நான் பேசினேன். கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் பாதிப்பேர் இன்று திருப்பூரில் இருக்கிறார்கள். என் சொந்தத் தம்பியும் அங்கேதான் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அன்று நான் பேசியது தவறு. பிழைப்பைத் தேடிப் போகிறவன் துரோகி அல்ல. நம்முடைய பாட்டனும் அப்படித்தான் கங்காணியின் பின்னால் கப்பல் ஏறினான்.

இப்போதைய நிலைமை என்ன? மலையில் வாழ்வது கிராக்கி. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மேட்டுப்பாளையத்தில் லாரி ஏறித்தான் நமக்கு வரவேண்டும். அது போகட்டும், நம் மண்ணில் விளைகிற காரட்டும் உருளையும்கூட மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப்போய் விலை வைத்துக்கொண்டு வருகிறது! குன்னூரிலும் ஊட்டியிலும் ஒரு அறை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். டூரிஸ்டுக்கு ஒரு நாளைக்கு விடுகிற அறையைத் தொழிலாளிக்கு எவன் மாத வாடகைக்கு விடுவான்? வேலையில் இருக்கிறவரை லயன் வீடு இருப்பதால் இது தெரியாது. ஓய்வு பெற்ற மறுநாள் தெரியும். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு, சாகும்வரை படுக்க மலையில் நாலடி இடம் சொந்தமில்லை. கூடலூர்ப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டவர்கள் கதை வேறு. 1969-ம் வருஷத்து ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலம். பட்டா இல்லை, பட்டா இல்லாததால் கரண்டும் இல்லை என்று தலைமுறையாக அலைகிறார்கள்.

ஆக, இறங்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் எப்படி இறங்குவது?

நம்மில் பலருக்கு இது முதல் இறக்கம் அல்ல. 1964 அக்டோபர் 30-ல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்துப் போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்டுமந்தையைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இந்திரா காந்தி ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார். மலையகத்தில் தேயிலையைத் தவிர வேறு தெரியாத ஜனங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் காகிதம் நீட்டினார்கள். வியாபாரக் கடன் வாங்கிக்கொள்கிறாயா? மில் வேலைக்குப் போகிறாயா? தோட்டத்துக்குப் போகிறாயா? என் தகப்பனார் வியாபாரக் கடன் என்று கையெழுத்துப் போட்டார். தராசு பிடிக்கத் தெரியாத மனிதர்! சமவெளியில் ஒரு ஊரில் பெட்டிக்கடை வைத்தார். கடை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. பிறகு சொந்தக்காரர் சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்த மலைக்கு ஏறி வந்தார். இப்படிக் கீழே போய் நொடித்து மேலே வந்தவர்கள் ஏராளம். 1968-ல் வனத்துறை மூலமாகச் சர்க்கார் ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்கள்தான், பிற்பாடு டான்டீ கழகமாகி, அவர்களில் ஒரு பகுதிக்காவது வேலையும் கூரையும் கொடுத்தன. இன்று அந்த டான்டீயே சுருங்குகிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதென்று 2022-ல் முடிவாயிற்று.

என் தகப்பனார் செய்த பிழை சமவெளிக்குப் போனது அல்ல. அவசரத்தில், தனியாக, விஷயம் புரியாமல் கையெழுத்துப் போட்டது.

இனி, நான் பார்த்த ஒரு குடும்பத்தின் கணக்கைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டம். புருஷன் மருந்தடிக்கிறவர், மனைவி கொழுந்து. ஒரு மகள் பத்தாவது, மகன் ஐந்தாவது. ஒரு ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "தோழரே, போகட்டுமா வேண்டாமா? நீங்க சொல்றதுதான்" என்றார் அவர். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அந்த அக்கா குறுக்கிட்டுக் கேட்டார்: "நீங்க வேண்டாம்னு சொன்னா, எம் புள்ளைக்கு காலேஜ் பீஸ் நீங்க கட்டுவீங்களா?" எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. பிறகு மகளின் நோட்டுப்புத்தகத்தை வாங்கி, நடுவில் கோடு கிழித்து, இரண்டு பக்கமும் எழுதினோம்.

தோட்டத்துப் பக்கம்: அவர்கள் கூலி ஆளுக்கு நாள் 440 ரூபாய். மாதம் 24 நாள், இரண்டு பேர்: 21,120. அதில் பி.எஃப். 2,534 போக, கையில் 18,586.

திருப்பூர்ப் பக்கம்: தெரிந்த ஆள் சொன்ன கூலிதான். கவாத்துக் கத்தி பிடித்த கை போன உடனே டெய்லர் ஆகிவிட முடியாது, முதலில் ஹெல்பர்தான். அவருக்கு ஒன்றரை ஷிப்ட், 650 ரூபாய். அந்த அக்காவுக்கு செக்கிங், ஒரு ஷிப்ட், 450. மாதம் 26 நாளும் வேலை கிடைத்தால் 28,600. பத்தாயிரம் கூட வருகிறது! அவர் முகத்தில் வெளிச்சம்.

பிறகு அந்த அக்கா பேச ஆரம்பித்தார். "வாடகை?" ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு, பத்து வீட்டுக்கு இரண்டு கக்கூஸ்: 5,500. கரண்டும் தண்ணீரும் 1,200. விறகு பொறுக்க அங்கே காடு ஏது? கேஸ் 900. பையனுக்குப் பள்ளிக்கூட வேன் 1,200. ஆக 8,800. பத்தாயிரத்தில் மிஞ்சியது 1,214 ரூபாய். இங்கே பிடிக்கிற 2,534 நம் பேரில் சேருகிற பணம். அதன்மேல் நிர்வாகமும் தன் பங்கைப் போடுகிறது. அங்கே கான்ட்ராக்ட் ஆளிடம் போனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பெரும்பாலும் இல்லை. அதையும் எழுதினால் லாபம் நஷ்டமாகிவிட்டது. அதற்காக அவர் உழைக்கப்போவது எட்டு மணி அல்ல, பன்னிரண்டு மணி!

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. அந்த அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இதையும் எழுதுங்க" என்றார். மகள் கூடை தூக்கக்கூடாது. காலேஜ் பஸ் அங்கே வாசலில் நிற்கும். விடிகாலை இருட்டில் கரடிக்கும் காட்டெருமைக்கும் பயந்து நடக்க வேண்டாம். 58 வயதில் வீட்டைக் காலி செய் என்று எவனும் வந்து நிற்கமாட்டான். வாடகை கொடுக்கிறவரை இருக்கலாம். இவற்றுக்கு எந்த ரூபாயை எழுதுவது? எனக்குத் தெரியவில்லை. எழுதாமலே விட்டோம், கோட்டுக்குக் கீழே வார்த்தையாகவே இருந்தது.

கடைசியில் அவர்களே முடிவு செய்தார்கள். 2025 ஜூனில் அவர் மட்டும் லீவு எழுதிக்கொடுத்து இறங்கினார். அந்த அக்கா செக்ரோலில் பேரையும் லயன் வீட்டையும் காப்பாற்றிக்கொண்டு மேலேயே இருந்தார். ஆகஸ்டில் என்ன நடந்தது? எங்கோ வாஷிங்டனில் ஒருவர், இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்று கையெழுத்துப் போட்டார். திருப்பூரில் ஆர்டர் நின்றது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாயிற்று, பிறகு வாரத்தில் நாலு நாளாயிற்று. மொத்தக் குடும்பமும் இறங்கியிருந்தால் வாடகைக்கு என்ன செய்திருப்பார்கள்? லயன் வீடு நின்றதால் தாங்கினார்கள். அவர் தாக்குப்பிடித்து இப்போது ஓவர்லாக் பழகிவிட்டார். மகளின் பரீட்சை முடிந்தபின் மீண்டும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

திருப்பூர் ஒரே சீராக ஓடுகிற ஊர் அல்ல, தோழர்களே. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் மூட்டையைக் கட்டினார்கள். 2020-ல் ஊரடங்கு வந்தபோது நடந்தே புறப்பட்டவர்களை நாம் பார்த்தோம். ஆனால் அதே ஊரில்தான் 1984-ல் பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். கம்பெனிக்குள் காலை வைத்த வாரமே சங்க ஆபீசைத் தேடுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவன் பக்கத்து மிஷினில் இருப்பான். "வடக்கத்தியான் கூலியைக் கெடுக்கிறான்" என்று முதலாளியே உங்கள் காதில் ஓதுவான். நம்பாதீர்கள். நம் லயனில் நீங்கள் காலி செய்த அறைக்கு ஜார்க்கண்டிலிருந்து ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்திருப்பதும் அதே ஜாதி முதலாளிதான். நீங்கள் கீழே எவ்வளவு அனாதையோ, அவன் மேலே அவ்வளவு அனாதை.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே நூல் மில் தோழர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று புரோக்கர் வருவான். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் கெட்டுப்போனதால் இப்போது வேறு பெயர் சொல்வான். மூன்றாவது வருஷக் கடைசியில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்தால் மொத்தப் பணமும் போயிற்று என்பான். பாட்டன் காலத்தில் இலங்கைக் கங்காணி கையில் 'துண்டு' இருந்தது. கடனை எழுதி, ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் சீட்டு. அது சட்டப்படி ஒழிந்து நூறு வருஷமாகிறது. புரோக்கர் அட்வான்ஸ் கொடுத்தால் அந்தத் துண்டு ஞாபகம் வரட்டும்.

இறங்கச் சொல்லி நிர்வாகமே கெஞ்சினால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். திருநெல்வேலி மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு. நாலு தலைமுறை உழைப்பு. 1999-ல் அந்தத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் தடியடிபட்டு, தாமிரபரணியில் 17 உயிர் போயிற்று. 2024-ல் குத்தகை முடியுமுன்பே, 'விருப்ப ஓய்வு' என்று ஒரு காகிதம். பணத்தில் ஒரு பகுதி கையெழுத்துப் போட்டவுடன், மீதி வீட்டைக் காலி செய்தபின். விருப்பம் யாருடையது? டான்டீயே தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்று கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 டிசம்பரில் ஹைகோர்ட் அதற்கு இசையவில்லை. கோர்ட்டு வாசலுக்கு அவர்கள் போனபோது கையெழுத்துகள் ஏற்கனவே கம்பெனியின் பீரோவில் இருந்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அடுப்பெரியாத வீட்டில் பேனாவை நீட்டினால் யார்தான் போடமாட்டார்கள்?

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக்காப்பகம் எல்லாம் நிர்வாகத்தின் கடமை என்று சொன்னது 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. பழைய சட்டம் அவற்றுக்குள் கரைந்துவிட்டது. வீடு கொடுக்கவேண்டும் என்ற வாசகம் புதிதிலும் உண்டு. ஆனால் தன் சொந்தப் பணத்திலோ, அல்லது சர்க்கார், பஞ்சாயத்துத் திட்டங்கள் மூலமாகவோ செய்யலாம் என்று ஒரு சந்தையும் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்து வழியாக முதலாளி எப்படி நழுவுவான் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். தையல் தெரிந்த இளவட்டம், குடும்பபாரம் இல்லாதவன், தாராளமாகப் போகட்டும். 45 வயது தாண்டிய தம்பதி, இங்கே சர்வீஸ் இருக்கிறவர்கள், குடும்பத்தோடு இறங்குவது எனக்குச் சம்மதமில்லை. ஒருவர் பேராவது செக்ரோலில் இருக்கட்டும். போகிறவர்கள் பேசாமல் பேரை வெட்டிக்கொண்டு ஓடாதீர்கள். ஐந்து வருஷம் முடித்தவனுக்குப் பணிக்கொடை உண்டு: வருஷத்துக்கு 15 நாள் கூலி. 440 ரூபாய்க் கூலியில் 22 வருஷம் உழைத்தவனுக்கு 1,45,200 ரூபாய். இதை முதலாளிக்குத் தானம் செய்துவிட்டு, கீழே போய் அட்வான்சுக்கு வட்டிக்கு வாங்குகிறான் நம் ஆள்! பி.எஃப். பணத்தை உருவிச் செலவழித்துவிடாதீர்கள். 10 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன். புதுக் கம்பெனியில் பழைய யு.ஏ.என். நம்பரையே கொடுங்கள், சர்வீஸ் தொடரும். ரேஷன் கார்டுக்கு விலாசம் மாற்றிக்கொள்ளுங்கள்.

நிர்வாகம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "சங்கத்தில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒருவர் அல்ல, லயன் முழுவதும் அதே பதிலைச் சொல்லவேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் சங்க ஆபீஸ் திறந்திருக்கும். பி.எஃப். சீட்டு, கூலிச் சீட்டு, வேலையில் சேர்ந்த வருஷம் தெரிகிற ஏதாவது ஒரு காகிதம், ஒரு நோட்டு, ஒரு பேனா கொண்டு வாருங்கள். புருஷன் மட்டும் வந்தால் போதாது. வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். வாடகையைப் பற்றிக் கேட்க ஆள் வேண்டும்.