அயலட்டையில் கேள்

வெயிலென்றும் பாராமல் குறிகட்டுவானில் இறங்கி பஸ் பிடித்து வந்திருக்கிற நெடுந்தீவு, நயினாதீவு உறவுகளே, என் ஊர்காவற்றுறைச் சொந்தங்களே, முன்னுக்குப் பாயில் இருக்கிற பிள்ளைகளே!

ஒக்டோபர் வாசிப்பு மாதம் என்பதால், சொல்வளத்தைப் பெருக்குவது பற்றிப் பேசும்படி கேட்டார்கள். தலைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைகளிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். அம்மா காசைத் தந்து, "கச்சான் வாங்கிக்கொண்டு வா" என்றால் எங்கே போவீர்கள்? கடைக்கு! சரி. அப்பா வாசலில் நின்று, "கச்சான் எழும்பிட்டுது, இண்டைக்குத் தொழிலுக்குப் போகேலாது" என்றால்? கடலைப் பார்ப்பீர்கள். ஒரே சொல்தான். ஒரு நேரம் நிலக்கடலையாய் வாயிலே கொறிபடுகிறது, இன்னொரு நேரம் காற்றாய் வள்ளத்தைப் புரட்டுகிறது. இதற்கு எந்த அகராதியைப் புரட்டினீர்கள்? (கைதட்டல்) அம்மாவின் கையிலே காசு, அப்பாவின் கண்ணிலே கடல். அவ்வளவுதான், சொல் பிடிபட்டுவிட்டது.

தொல்காப்பியர் இதைச் சொல்லிவிட்டுப் போய் இரண்டாயிரம் ஆண்டு இருக்கும், கூடக் குறைய இருக்கட்டும். சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் வினையைப் பார், இனத்தைப் பார், சார்பைப் பார், பொருள் தானாகத் தெளியும் என்கிறார். அந்தச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையை, குறிப்புகளோடு 1938இல் அச்சிலே தந்தவர் எங்கள் புன்னாலைக்கட்டுவன் கணேசையர். 'மா' என்ற ஒற்றை எழுத்தை எடுங்கள். ஆச்சி மா இடித்தாள். முற்றத்து மா பூத்தது. நெடுந்தீவு வெளியிலே மா ஓடியது. இடித்தாள் என்றதும் அரிசி மா, பூத்தது என்றதும் மாமரம், ஓடியது என்றதும் குதிரை! நெடுந்தீவுப் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள் பாருங்கள். மற்ற ஊர்ப் பிள்ளை புத்தகத்திலே படிக்கிற பொருளை, வேலிக் கல்லுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் படித்த பிள்ளைகள் அவர்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு வாத்தியார். பெயரைச் சொல்லமாட்டேன். எந்த மேடையிலும் என் பெயரை இழுக்காதே என்று கை பிடித்து வாக்கு வாங்கிய மனிதர். அவருடைய பள்ளிக்கூடத்திலே அகராதியே கிடையாது. இருந்தது கரும்பலகை ஒன்று, வாங்கு நாலு, அவர் தன் சம்பளத்தில் வாங்கிவந்த கதைப் புத்தகங்கள். "ஐயா, இந்தச் சொல் விளங்கேல்லை" என்று போய் நின்றால், "தெரியாத வீடெண்டால் என்ன செய்வாய்? அயலட்டையிலை கேப்பாய் எல்லோ? சொல்லுக்கும் அயலட்டை இருக்கு. முன்னுக்கு ரண்டு வரி, பின்னுக்கு ரண்டு வரி கேட்டுக்கொண்டு வா மோனை" என்று திருப்பி அனுப்புவார்.

ஒருநாள் எங்களைப் படகிலே நயினாதீவுக்குக் கூட்டிப் போனார். அம்மனைக் கும்பிட்ட பிறகு ஒரு கல்லைக் காட்டினார். முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டு, தமிழிலே வெட்டியது. பேராசிரியர் இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். நாங்கள் நிற்கிற இந்த மண் அதிலே ஊராத்துறை. அதிலுள்ளதை வாத்தியார் தாளிலே எழுதிக் கையில் தந்தார். மரக்கலம் 'கெட்டது' என்று வருகிறது. மரம் உக்கிப் போச்சு என்று வகுப்பே சொன்னது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமானால் நாலில் ஒரு பங்கு 'பண்டாரத்துக்கு', மிச்சம் மூன்று பங்கும் உடையவனுக்கு என்கிறது கல். என் பக்கத்தில் நின்ற பெட்டைப்பிள்ளை கேட்டாள்: "ஐயா, பூமாலை கட்டுற பண்டாரத்துக்கு ராசா ஏன் யானை குடுக்கிறார்?"

வாத்தியார் சிரிக்கவில்லை. அதைத்தான் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "நல்ல கேள்வி. பங்கு பிரிக்கிறது ஆர்? ராசா. ராசா தன்ரை பங்கை எங்கை வைப்பார்?" அவளே சொன்னாள், களஞ்சியத்திலே என்று. "உக்கின வள்ளத்திலை பங்கு பிரிக்க என்ன கிடக்கும்? அப்ப 'கெட்டது' எண்டால் என்ன?" உடைந்து கரை ஒதுங்கின கப்பல் என்று நாங்கள் கத்தின சத்தத்துக்குக் கோயில் வாசலே திரும்பிப் பார்த்தது! (கைதட்டல்) வணிகக் கலமானால் பண்டாரத்துக்குச் 'செம்பாகம்', உடையவனுக்குச் செம்பாகம். செம்பாகம் என்றால் பாதி என்று அவர் சொல்லவே இல்லை. நாங்களே கண்டுபிடித்தோம். எண்ணூறு வருசத்துச் சொல்லைக் கரைத்துறைப் பிள்ளைகள் கண்டுபிடித்தோம்.

யானை இறங்கின துறை இது. பிறகு போர்த்துக்கேயன் வந்தான், யானை ஏற்றின துறையும் ஆகிற்று. இந்த ஊரைக் கயிட்ஸ் என்கிறார்களே, அந்தப் பெயரே அவன் மொழியில் துறைமேடையைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. அவன் போய்விட்டான், அவன் சொற்களான கதிரையும் அலுமாரியும் சப்பாத்தும் வீட்டிலே நிற்கின்றன.

இப்போது மனதிலே கிடக்கிற ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணப் பட்டினத்திலே சிலர் கையேடு அச்சடித்து விற்கிறார்கள். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் கருத்து. நூறு பக்கம். அதைப் பாடமாக்கினால் பிள்ளை கெட்டிக்காரனாம்! பாடமாக்கின பிள்ளையிடம் ஒரு கதையைக் கொடுத்துப் பார்த்தேன். கருத்து வாயிலே நிற்கிறது, கதை விளங்கவில்லை. அதே ஆட்கள்தான் எங்கள் பிள்ளை காற்றைச் சோளகம் என்று எழுதினால் சிவப்பு மையால் வெட்டுகிறார்கள், தீவுப் பேச்சு என்று. ஐயாமாரே, நீங்கள் வெட்டின சொல்லை நம்பித்தான் எங்கள் அப்பன்மார் பாய் விரித்தார்கள்! (பலத்த கைதட்டல்)

நான் அகராதிக்கு எதிரி இல்லை. 1842இலேயே மானிப்பாயில் 58,500 சொல்லோடு அகராதி அச்சடித்த மண் இது. இந்த ஊர்க் கரம்பனிலே 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், ரோமாபுரியிலே படித்துவிட்டு, வடக்கன்குளத்தில் படிப்பித்த காலத்தில்தான் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அப்படித் தொடங்கியவர், 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966இல் மீண்டும் பதிப்பித்து உலகத்துக்குக் காட்டினார். நான் கேட்பது ஒழுங்கைத்தான். முதலிலே அயலட்டை, அதற்குப் பிறகு அகராதி. ஊகம் பிழைப்பதும் உண்டு. உக்கின வள்ளம் என்று நாங்கள் பிழைத்தோமே, அடுத்த வரி வந்துதான் திருத்தியது. அதனால்தான் ஒரு சொல்லைப் பல இடத்திலே சந்திக்க வேண்டும் என்கிறேன்.

நியூசிலாந்திலே பால் நேஷன் என்றொரு பேராசிரியர், சொற்களை மொழி படிக்கிறவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர். நூறு சொல்லிலே 98 தெரிந்திருந்தால்தான் மிச்சம் இரண்டையும் உதவியில்லாமல் ஊகித்துப் படிக்கலாம் என்று அவருடைய ஆய்வு சொல்கிறது. அவருடைய ஆய்வு ஆங்கிலம் படிக்கிறவர்களைப் பற்றியது. ஆனால் கணக்கு எங்களுக்கும் உறைக்கிறது. பத்துக்கு நாலு தெரியாத புத்தகத்தைப் பிள்ளையின் கையிலே திணித்துவிட்டு வாசிக்கிறான் இல்லை என்று ஏசுகிறோம். அயலட்டையில் எல்லா வீடும் பூட்டிக் கிடந்தால் பிள்ளை யாரைக் கேட்கும்? இலேசான புத்தகம் வேண்டும், நிறைய வேண்டும், கைக்கெட்டுகிற தூரத்தில் வேண்டும். 1981இலே யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 புத்தகம் எரிந்ததைச் சொல்லி இன்னும் அழுகிறோம், அழத்தான் வேண்டும். அழுதுகொண்டே இந்தத் தீவுகளிலே எத்தனை அலுமாரி நிரப்பினோம்?

அந்த வாத்தியார் நிரப்பினார். தொண்ணூறிலே போருக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் ஊரை விட்டு ஓடினோம். சட்டி பானை தூக்கினவர்கள் உண்டு, ஆட்டுக்குட்டி தூக்கினவர்கள் உண்டு. அவர் ஒரு உரப்பை நிறையப் புத்தகம் தூக்கினார். அகதியாய் இருந்த இடத்திலே, மர நிழலிலே, புத்தகத்தின் சில சொற்களுக்கு மேலே தாள் துண்டு ஒட்டி, "இதுக்குள்ளை என்ன சொல் இருக்கும்? மற்ற வரியளைப் பாத்துச் சொல்லு" என்று கேட்பார். பிள்ளைகள் பசியை மறந்து சண்டை பிடிக்கும். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்த நாளிலும் அந்தப் பையை அவர் விற்கவில்லை.

அந்தப் பையிலே மிஞ்சின புத்தகம் இது ஒன்றுதான். அவர் கண் மூடுவதற்கு முந்தின மாசம் என் கையிலே தந்தார். மட்டை போய்விட்டது. 43ஆம் பக்கத்திலே அவர் ஒட்டின துண்டு இன்னும் இருக்கிறது, நான் உரிக்கவில்லை. இன்றைக்கு இதை இந்த வாசிகசாலைக்குத் தருகிறேன். பிள்ளைகளே, நீங்களும் உரிக்காதேயுங்கோ. 42ஆம் பக்கத்தையும் 44ஆம் பக்கத்தையும் வாசித்துவிட்டு, என்ன சொல் என்று இந்தக் கொப்பியிலே எழுதுங்கோ. நெடுந்தீவுப் பிள்ளைகள் முதல் வாங்கோ, உங்களுக்குப் படகுக்கு நேரமாகுது.