நம்ம கைக்கும் கூலி உண்டு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. ரெண்டு பிள்ளைங்க. நாலு வருஷமா வீட்டில் இருந்தே காகிதத்தில் மொய் கவர், வாழ்த்து அட்டை, தாம்பூலப் பை, க்வில்லிங் ஜிமிக்கி செய்றேன். எங்க குழுவில் உள்கடன் மூவாயிரம் ரூபாய் வாங்கித்தான் கத்தரிக்கோல், கட்டர், அட்டை எல்லாம் வாங்கினேன். அந்தக் கடனை பத்து மாசத்தில் அடைச்சிட்டேன். "உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னதால் இங்கே நிக்கிறேன்.

முதல்ல, இதுக்கு வேலை இருக்கான்னு நிறைய பேர் கேக்குறாங்க. முன்னெல்லாம் பொங்கல் வந்தா தபால்காரர் கட்டுக் கட்டா வாழ்த்து அட்டை கொண்டு வருவார். இப்போ வாழ்த்து போன்லயே வந்துடுது. ஆனா கல்யாணம், சீமந்தம், காதுகுத்து, சடங்கு இதெல்லாம் குறையலையே! ஒத்தை ரூபாய் காசு ஒட்டின மொய் கவர் எல்லா வீட்டுக்கும் வேணும். 2019 ஜனவரி 1 முதல் நம்ம மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு, பேன்சி ஸ்டோர்காரங்களும் மருந்துக் கடைக்காரங்களும் காகிதக் கவர் கேக்குறாங்க.

எங்க ஊர் சிவகாசிக்குப் பக்கம். அங்கே மிஷின்ல ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் அட்டை அடிக்கிறாங்க. அந்த விலைக்கு நம்மால கொடுக்க முடியாது, முயற்சியும் பண்ண வேண்டாம். நம்ம செய்றது வேற. பெண்ணு மாப்பிள்ளை பேரைக் கையால எழுதி, அவங்க சேலை நிறத்துக்கு ஏத்த மாதிரி அம்பது கவர் மட்டும் வேணும்னா மிஷின்காரங்க செய்ய மாட்டாங்க. நாம செய்வோம். அச்சகத்தில் மிஞ்சுற கட்டிங் காகிதம் கிலோ கணக்கில் கிடைக்கும். அதில் நீளத் துண்டு க்வில்லிங்குக்கு ஆகும், அகலத் துண்டு கவருக்கு ஆகும்.

புதுசா தொடங்குறவங்களுக்கு நாலு விஷயம் சொல்றேன்.

ஒன்று, அட்டை வாங்கும்போது ஜி.எஸ்.எம். கேட்டு வாங்குங்க. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடைன்னு அது சொல்லுது. வாழ்த்து அட்டைக்கு 250, 300 இருந்தா நிமிர்ந்து நிக்கும். கவருக்கு 120 போதும்.

ரெண்டு, மரத்துக்கு நார் ஓடுற மாதிரி காகிதத்துக்கும் நார் ஓடும். செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழிச்சா நேரா வரும், குறுக்கே கிழிச்சா கோணலாப் போகும். அட்டையை ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாருங்க. எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ அந்தப் பக்கமா மடிச்சா மடிப்பு வெடிக்காது. மடிக்கிறதுக்கு முன்னாடி மை தீர்ந்த பேனாவால ஸ்கேல் வச்சு ஒரு கோடு இழுத்துக்கோங்க.

மூணு, பசையை மெலிசா தடவி, மேலே கனமான புத்தகங்களை ஒரு ராத்திரி வச்சிடுங்க. மழைக்காலத்தில் இதை விட்டா அட்டை அப்பளம் மாதிரி சுருண்டுக்கும்.

நாலு, செய்தித்தாள் கவரை வடை, பஜ்ஜி கடைக்குக் கொடுக்காதீங்க. அச்சு மை உடம்புக்குக் கெடுதல். செய்தித்தாளில் உணவு மடிக்கக் கூடாதுன்னு 2018-ல் வந்த உணவுப் பொட்டல விதியிலேயே இருக்கு. வளையல், பொட்டு, நூல்கண்டு விக்கிற கடைக்குக் கொடுங்க.

இனிமேத்தான் நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம்.

நம்மகிட்ட விலை பேச வர்றவங்க எல்லாரும் ஒரு வார்த்தை சொல்றாங்க. "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல செய்றதுதானேம்மா, போட்டுக் கொடு." சும்மா இருக்கிற நேரம்னா எது? சமையல் முடிச்சு, பாத்திரம் கழுவி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, பிள்ளைகளைத் தூங்க வச்ச பிறகு கண்ணு எரிய எரிய ஒட்டுறோமே, அதுவா?

நூறு நாள் வேலையில் 2024-25-ல் நம்ம மாநிலத்துக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய்னு வச்சாங்க. எட்டு மணி நேரத்துக்குப் பிரிச்சா மணிக்கு ஏறக்குறைய 40 ரூபாய். அதையே அளவா வச்சு ஒரு மொய் கவருக்குக் கணக்குப் பாருங்க. தாள், லேஸ், கல், பசை, ஒட்டுற ஒரு ரூபாய் காசு எல்லாம் சேர்த்து எனக்கு 5 ரூபாய் ஆகுது. பஸ் செலவு, வீணாப் போற தாள் எல்லாம் ஒரு கவருக்கு 1 ரூபாய். ஒரு கவர் செய்ய கால் மணி நேரம், அதுக்குக் கூலி 10 ரூபாய். ஆக 16 ரூபாய்.

இதே கவரை 10 ரூபாய்க்குக் கேக்குறாங்க. நூறு கவர் கொடுத்தா ஆயிரம் ரூபாய் கைக்கு வரும், மொத்தமாப் பார்த்தா சந்தோஷமாத்தான் இருக்கும். அதில் 600 ரூபாய் செலவு போயிடும். மிச்சம் 400. நூறு கவருக்கு 25 மணி நேரம் உக்காந்திருக்கோம். அப்போ மணிக்கு 16 ரூபாய். காட்டு வேலைக்கு இந்தக் கூலி சொன்னா நம்ம யாராவது போவோமா?

போன ஆடியில் ஒரு கடையில் 16 ரூபாய் சொன்னேன். "பக்கத்து ஊர்க் குழுவில் 11-க்குத் தர்றாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பக்கத்து ஊர்க் குழுன்னா யாரு? இதோ இந்தப் பந்தலில் உக்காந்திருக்கிற நம்ம அக்காதான். அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்களுக்கு அந்த வாரம் தவணை கட்டணும். விசாரிச்சா, அவங்ககிட்ட என் பேரைச் சொல்லி விலையைக் குறைச்சிருக்காங்க, என்கிட்ட அவங்க பேரைச் சொல்றாங்க. நடுவில் லாபம் யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கினப்போ, சேமிச்ச பணத்தை நோட்டில் எழுதித்தான் பெண்கள் பேங்க் படி ஏறினாங்க. காசை எழுதக் கத்துக்கிட்ட நாம, நேரத்தையும் எழுதக் கத்துக்கணும். நான் தீர்மான நோட்டு மாதிரியே ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கேன். எத்தனை மணிக்கு உக்காந்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை கவர், அவ்வளவுதான். யாராவது "சும்மா"ன்னு சொன்னா அந்த நோட்டைக் காட்டுறேன்.

கூட்டமைப்புப் பொறுப்பாளர்கள்கிட்ட எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். காகித வேலை செய்ற குழுக்களை எல்லாம் ஒரு நாள் கூட்டுங்க. கவர், அட்டை, பை ஒவ்வொண்ணுக்கும் கூலி இவ்வளவுன்னு பேசி, அதுக்குக் கீழே யாரும் கொடுக்கிறதில்லைன்னு தீர்மானம் எழுதுவோம். பெரிய ஆர்டர் வந்தா மூணு குழு பிரிச்சுச் செய்வோம். தவணைக்கு அவசரம்னா குழுவில் உள்கடன் கொடுப்போம், அவசரத்துக்காக யாரும் விலையைக் குறைக்க வேண்டாம். அந்தக் கூட்டத்துக்கு என் நோட்டையும் கொண்டு வர்றேன். நீங்களும் இன்னைக்கு ராத்திரி இருந்தே எழுத ஆரம்பிச்சிடுங்க.