வாங்கில் உட்கார்ந்த பாட்டிமார்

(சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் உளநலத் தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் பிறந்ததும் லயத்துக் காம்பராவில்தான். அதனால் என் அத்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாமா போன பிறகு அத்தைக்குத் தூக்கம் இல்லை. "நெஞ்சு அடைக்குது, யோசனை கூடிப்போச்சு" என்பார். டிஸ்பென்சரியில் பெனடோல் கொடுத்தார்கள். கோடாங்கி பார்த்தோம். கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிக் கூட்டிப்போனோம். கூடப் போன மருமகளுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. அங்கே டாக்டர் கேட்டது அத்தைக்கு விளங்கவில்லை, அத்தை சொன்னது டாக்டருக்கு விளங்கவில்லை. ஒரு மாத மருந்து தந்து திரும்ப வரச் சொன்னார்கள். பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் இன்னொரு தடவை போக யாரால் முடியும்? அத்தை போகவில்லை.

இந்த பஸ் காசு விஷயம் நம் தோட்டத்துக் கதை மட்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆபிரிக்காவில் சிம்பாப்வே என்றொரு நாடு. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர் இருக்கிறார். அவர் பார்த்துவந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரவில்லை என்று கேட்டபோது, பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று தாய் சொன்னாராம். நோயாளி நம்மைத் தேடி வரட்டும் என்று இருந்தது தவறு என்று அன்றைக்கு விளங்கியதாக அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ஒரு கோடிக்கு மேல் சனம் உள்ள அந்த நாட்டில் அப்போது மனநல வைத்தியர்கள் மிகச் சிலர்தான் இருந்தார்கள். 2005இல் அரசாங்கம் நகரங்களில் இருந்த ஏழைகளின் வீடுகளையும் கடைகளையும் இடித்தது. வீட்டையோ தொழிலையோ இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் 7 இலட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. தலைநகர் ஹராரேயில் எம்பாரே என்ற பகுதியில் துயரம் தலைக்கு மேலே போனது. சிபாண்டாவுக்குக் கொடுக்க டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை, அறையும் இல்லை. கிளினிக்குகளில் சுகாதார ஊழியர்களாக இருந்த 14 பாட்டிமாரை மட்டும் கொடுத்தார்கள். அறை இல்லாததால் கிளினிக் வளவில் மரத்தடியில் ஒரு வாங்கைப் போட்டார்கள். 2006இல் ஆரம்பித்தது அப்படித்தான்.

முதலில் அதற்கு "மனநல வாங்கு" என்று பேர் வைத்தார்கள். ஒருவரும் வரவில்லை. பைத்தியம் என்று பேர் எடுக்க யார் வருவார்? பாட்டிமார்தான் "சிநேக வாங்கு" என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றிய பிறகு ஆட்கள் வந்தார்கள். படித்தவருக்குத் தெரியாதது பாட்டிக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊர்ப் பாஷையில் இந்த நோய்க்கு "குஃபுங்கிசிசா" என்று ஒரு சொல் உண்டு. "யோசனை கூடிப்போச்சு" என்று அர்த்தம். என் அத்தை சொன்ன அதே வார்த்தை! நோயைக் கண்டுபிடிக்கும் 14 கேள்விகளையும் அந்தப் பாஷையிலேயே தயாரித்திருந்தார்கள்.

வாங்கில் என்ன நடக்கிறது? பாட்டி புத்தி சொல்வதில்லை. அதற்குத்தான் பயிற்சி, ஏனென்றால் புத்தி சொல்லாமல் இருப்பது நமக்கெல்லாம் ரொம்பக் கஷ்டம். வந்தவர் தன் கஷ்டத்தையெல்லாம் சொல்ல விடுவார். நம் பக்கத்து உதாரணமாக ஒன்றை வைத்துப் பாருங்கள். புருஷன் குடிக்கிறார், தோடு அடகில் மூழ்கப் போகிறது, மகள் பாடசாலைக்குப் போக மாட்டேன் என்கிறாள், மழைக்குக் கூரை ஒழுகுகிறது. "இதில் எதை முதலில் எடுப்போம்?" என்று பாட்டி கேட்பார். தோடு என்று அவர் சொன்னால் தோடுதான், குடியில்லை. அதற்கு என்னென்ன வழி என்று அவரையே யோசிக்க வைத்து, அடுத்த தடவை வருவதற்குள் செய்ய ஒரு சிறிய காரியத்தை முடிவு செய்வார்கள். இப்படி ஆறு தடவை. பிறகு, வந்து போனவர்கள் கூடும் ஒரு குழு இருக்கிறது. அங்கே பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னி விற்றுக்கொண்டே பேசுகிறார்கள். கையில் நாலு காசும் வருகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, உண்மையிலேயே சுகமாகிறதா என்று நீங்கள் கேட்க வேண்டும். சிபாண்டா குழுவினரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஹராரேயில் 24 கிளினிக்குகளை எடுத்து, பாதிக்கு வாங்கு, பாதிக்கு வழக்கமான கவனிப்பும் நோய் பற்றிய விளக்கமும் என்று சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். சீட்டு எதற்கு? கங்காணி தனக்கு வேண்டியவர்களுக்கு நல்ல மலையும் மற்றவர்களுக்குக் கல்லு மலையும் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நிறுத்துப் பார்த்து "இவர்கள்தான் கெட்டிக்காரர்கள்" என்றால் நாம் ஒத்துக்கொள்வோமா? அதே நியாயம்தான். ஆளைப் பார்த்துப் பிரித்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

573 பேர் சேர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்புக் கிடைத்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 50 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி இருந்தது. பாட்டியோடு வாங்கில் உட்கார்ந்தவர்களில் 100க்கு 14 பேருக்குத்தான் இருந்தது. 2016 டிசம்பரில் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் இது வெளியானது.

இதற்கு முன்பே பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் அதீஃப் ரஹ்மான் என்ற வைத்தியர் மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணித் தாய்மாரிடம் இதுபோன்ற ஆய்வு செய்திருக்கிறார். 2008இல் வெளியானது. அங்கே வீடு வீடாகப் போகும் பெண் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது, அவர்கள் கவனித்த தாய்மாரில் 100க்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. பயிற்சி இல்லாத ஊழியர்கள் போன இடங்களில் 100க்கு 53 பேர்.

இங்கே சங்கத்துக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். "ஆகா, செலவில்லாத வைத்தியம், தோட்டத்தில் இரண்டு அக்காமாரைப் பிடித்துச் செய்யச் சொல்லலாம்" என்று நாளைக்கு யாராவது வருவார்கள். ஏமாறாதீர்கள். ஹராரே பாட்டிமார் வேலையில் இருந்த ஊழியர்கள். பயிற்சி இருந்தது, மேலே இருந்து பார்க்க ஆள் இருந்தது, தங்களால் முடியாதவரை அனுப்ப இடமும் இருந்தது. பாகிஸ்தான் சகோதரிகள் அரசாங்க வேலையைச் செய்துகொண்டே நிரந்தர நியமனம் இல்லாமல் வருஷக்கணக்காக இருந்தார்கள். தெருவில் இறங்கி, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அதை வாங்கினார்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்ணின் தலையில் அடுத்தவர் துக்கத்தையும் சம்பளமில்லாமல் ஏற்றினால், ஆறு மாதத்தில் அவருக்கே வாங்கு தேவைப்படும்.

அதனால் கோரிக்கையில் எழுத வேண்டியது இதுதான். தோட்டத்திலிருந்தே ஆள் எடுக்க வேண்டும், தமிழில் பயிற்சி வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும், பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவு மேற்பார்வை செய்ய வேண்டும்.

வரும்போதே ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "நம்ம லயத்துல ஒரு வீட்டுல இருமினா மூணாவது வீட்டுல கேட்கும். இதுல எப்படி ரகசியம் பேசுறது?" இதைவிடப் பெரிய தடை இல்லை என்பதுதான் என் எண்ணமும். ஒரு டிவிஷன் ஆளை இன்னொரு டிவிஷனுக்குப் போட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம். இடம் டிஸ்பென்சரி வளவாக இருந்தால், காய்ச்சலுக்கு மருந்து எடுக்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வாங்கு எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. தனக்கு மட்டும் குரல் கேட்கிறது என்பவர், சாக வேண்டும் என்று சொல்பவர், பிள்ளை பெற்ற பிறகு நிலை தடுமாறிப் போனவர், இவர்களை உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஹராரே ஆய்விலும் இப்படியானவர்களைச் சேர்க்கவில்லை. சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள், மலைக்கு அடிக்கும் மருந்தை எட்டாத இடத்தில் பூட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் போன் எடுக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஹராரேயில் சேர்ந்தவர்களில் 100க்கு 86 பேர் பெண்கள். ஆண்கள் வாங்குக்குக் குறைவாகத்தான் வந்தார்கள். நம் ஆண்களும் யோசனை கூடினால் கசிப்புக்குத்தான் போகிறார்கள். அவர்களுக்கு எங்கே, யாரை வைத்துப் பேசுவது என்பதற்கு இந்தக் கணக்கிலிருந்து என்னால் பதில் சொல்ல முடியாது. அடுத்த கூட்டத்துக்குத் தோட்டத் தலைவர்மாரும் வரட்டும், அவர்களிடமே கேட்போம்.