பெயர் கேட்காத தொலைபேசி



கண்ணால் கண்டதைச் சொல்லவிடாமல் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் அச்சமே. அவ்வச்சத்தை ஒரு நகரம் வென்ற விதத்தைக் கேளுங்கள்.

1976இல் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரிலே, எரிபொருள் நிலையமொன்றில் கடமையிலிருந்த மாணவர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். வாரங்கள் கடந்தும் துப்பில்லை. துப்பறியும் அதிகாரி கிரெக் மக்அலீஸ் அச்சம்பவத்தை நடித்துக்காட்டித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பச் செய்தார். தகவல் தருவோரின் பெயர் கேட்கப்படாது, சன்மானமும் உண்டு என்றார். அழைப்பு வந்தது, சில நாட்களுள் சந்தேக நபர்கள் கைதாகினர். 'கிரைம் ஸ்டொப்பர்ஸ்' திட்டம் பிறந்தது இவ்வாறே. அழைப்பவருக்குப் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம்; சன்மானமும் அவ்விலக்கத்திற்கே.

ஆனால், பெயரில்லை என்பதற்காகப் பகை தீர்க்கும் வழியென இதனை எண்ணிவிடாதீர்கள். தகவல் வேறு, சாட்சியம் வேறு. பொலிஸார் அதனை விசாரித்து உறுதிசெய்தாக வேண்டும். கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துச் சொன்னால் அவர்களுக்கு அவ்வேலை இலகுவாகும்.