கிளோவர் விதைப்பும் மேய்ச்சல் தரையின் மீட்சியும்



இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்து ஜில்லாவில், காக்கிள் பார்க் என்றொரு பண்ணை உண்டு. கெட்டியான களிமண் பூமி. 1896-ஆம் ஆண்டில் அந்த ஜில்லாவின் கவுன்சில் அதைக் குத்தகைக்கு எடுத்துப் பரிசோதனைப் பண்ணையாக்கியபோது, அதன் மேய்ச்சல் தரைகளில் சாரமற்ற முரட்டுப் புல்லே மண்டிக் கிடந்தது. வில்லியம் சோமர்வில் என்னும் விவசாயப் பேராசிரியர் அங்கு ஒரு வயலை ஏறத்தாழ மும்மூன்று ஏக்கர் பாத்திகளாகப் பிரித்து வேலியிட்டார். ஒன்றிற்கு ஒன்றும் இடவில்லை. மற்றவற்றிற்கு வெவ்வேறு உரங்களை இட்டார். பின்னர் எல்லாவற்றிலும் ஆடுகளை மேயவிட்டு, அவற்றை நிறுத்து வந்தார். புல்லின் யோக்கியதையைப் பார்த்துச் சொல்வதை விட, ஆட்டைத் தராசில் ஏற்றிச் சொல்வதே மெய் என்பது அவருடைய கருத்து.

பரிசோதனையில் முந்தி நின்றது, ஏக்கருக்கு அரை டன் வீதம் எஃகாலைக் கசடு தூவிய பாத்தியேயாகும். இரும்பிலிருந்து பாஸ்பரஸை நீக்கி எஃகு செய்கையில் ஒதுங்கும் கழிவு அது; அரைத்துத் தூளாக்கினால் பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் ஒருங்கே கிடைக்கும். அப்பாத்தியில் ஏர் ஓடவில்லை. ஒரு பிடி விதையும் விழவில்லை. ஆயினும் முரட்டுப் புல்லின் அடியில் நூலிழை போல் ஒளிந்து கிடந்த காட்டு வெள்ளைக் கிளோவர் தலை தூக்கித் தரை முழுவதும் படர்ந்தது. ஒன்றும் இடாத பாத்தியை நோக்க, இங்கு மேய்ந்த ஆடுகள் ஏக்கருக்கு இரு மடங்குக்கும் மேலாக எடை கூடின.

கிளோவர் என்பது மூவிலைச் சிறு செடி; கொளிஞ்சி, சணப்பு, பயறு இவற்றின் இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்துச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாக அளிக்கின்றன. ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி 1886-இல் இதை வெளியிட்ட பின்னரே, பயறு விளைந்த நிலத்தில் மறு வெள்ளாமை செழிப்பது ஏன் என்பதற்குக் காரணம் தெரிந்தது. கிளோவர் தானும் உண்டு, தன் வேரும் இலையும் மக்குவதாலும், மேயும் பிராணிகளின் சாணத்தாலும் மூத்திரத்தாலும், அருகிலுள்ள புல்லையும் ஊட்டுகிறது. மேய்ச்சலில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளைக் கிளோவராக இருப்பின், ஹெக்டேருக்கு ஆண்டில் சுமார் 150 கிலோ நைட்ரஜன் விலையின்றிக் கிடைக்கும் என்பது பிற்கால ஆராய்ச்சிகள் கண்ட கணக்கு. ஆனால் அத்தொழிற்சாலை நடப்பதற்குப் பாஸ்பேட்டும் பொட்டாஷும் சுண்ணாம்பும் வேண்டும். அவை நிலத்தில் இல்லையேல் எத்தனை முறை விதைத்தாலும் கிளோவர் நிலையாது. விதைக்குக் கடன் வழங்கும் சங்கம், மண் சோதனைக்கு முதலில் பணம் கொடுப்பது உசிதம்.

சோமர்விலுக்குப் பின் 1902 முதல் அப்பண்ணையை நடத்திய டக்ளஸ் கில்கிரிஸ்ட், கிளோவர் அறவே இல்லாத நிலங்களில் அதை விதைத்து வளர்க்க முனைந்தார். கடைகளில் மலிவாக விற்ற வெள்ளைக் கிளோவர் விதை முதல் ஆண்டில் பகட்டாக வளர்ந்து, இரண்டோர் ஆண்டுகளில் மறைந்து போவது. பழைய மேய்ச்சல் தரைகளிலிருந்து சேகரித்த காட்டு விதையோ விலை மிகுந்தது. ஆயினும் ஆண்டாண்டாகத் தங்குவது. ரைகிராஸ், காக்ஸ்புட், திமோதி முதலிய புற்களுடன் இக்காட்டு விதையைச் சிறிதளவு சேர்த்து அவர் வகுத்த கலவை, பண்ணையின் பெயராலேயே நாடெங்கும் பரவிற்று. மலிவு விதை வாங்கியவன் இருமுறை வாங்கினான் என்பது அக்காலத்து விவசாயிகளின் பட்டறிவு.

கலப்பு விதைப்பில் இன்னும் துணிந்து சென்றவர் ராபர்ட் எலியட். அவர் மைசூர்க் காடுகளில் காப்பித் தோட்டம் நடத்தியவர். அவ்வனுபவங்களைப் பற்றி 1871-இலும் 1894-இலும் நூல்கள் வெளியிட்டவர். ஸ்காட்லாந்து எல்லையிலிருந்த தம் சொந்த நிலத்தில் அவர் புல்லுடன் கிளோவரும், சிக்கரி, பர்னெட் முதலிய ஆழவேர்ச் செடிகளும் கலந்து விதைத்தார். சில ஆண்டுகள் மேய்ச்சலாக விட்டு, பின்னர் உழுது பயிரிடுவார். கலப்பையின் கொழு எட்டாத அடிமண்ணைச் சிக்கரியின் வேர் துளைத்துப் பிளக்கும். அவ்வேர் மக்கினால் மண்ணுக்கு எருவும் காற்றும் நீரும் இறங்கும் வழியாம். காப்பித் தோட்டக்காரர் ஒருவர் சிக்கரியைக் காப்பியில் கலவாமல் புல்லில் கலந்தது சற்று வேடிக்கையே! 1898-இல் அவர் எழுதிய விவசாய நூல் பல பதிப்புகள் கண்டது.

1919-இல் வேல்ஸ் நாட்டு அபரிஸ்ட்வித்தில் ஜார்ஜ் ஸ்டேபிள்டன் தலைமையில் பயிர்ப் பெருக்க நிலையம் ஒன்று ஏற்பட்டு, மேய்ச்சலைத் தாங்கும் புல் வகைகளையும் கிளோவர் வகைகளையும் பிரித்தெடுத்து அளித்தது. இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின்னரோ நைட்ரஜன் உரம் மலிந்தது. மூட்டை உரத்தைக் கொட்டி ரைகிராஸ் ஒன்றையே வளர்ப்பது எளிதெனக் கண்ட விவசாயிகள் கிளோவரைக் கைவிட்டனர். உரம் மிகுந்தால் புல் ஓங்கி, நிழலில் கிளோவர் மடியும். பின் உரமின்றிப் புல்லும் இல்லை என்ற நிலை வந்துவிடும். 2022-இல் உக்ரைன் யுத்தம் மூண்டு, பிரிட்டனில் அவ்வுரத்தின் விலை முந்திய ஆண்டினும் ஏறக்குறைய மும்மடங்கானபோது, அந்நிலையிலிருந்தவர்கள் பட்ட பாடு பெரிது. அவ்வாண்டிலேயே அயர்லாந்து சர்க்கார் கலப்பு மேய்ச்சல் விதைக்கு உதவித் தொகை அளிக்க முன்வந்தனர். டப்ளினில் உள்ள பல்கலைக்கழகக் கல்லூரியின் லயன்ஸ் பண்ணையில் ரைகிராஸ், திமோதி, வெள்ளைக் கிளோவர், சிவப்புக் கிளோவர், சிக்கரி, பிளாண்டேன் என்னும் ஆறினமும் கலந்த தரை, மிகக் குறைந்த உரத்திலேயே, பெருமளவு உரமிட்ட தனி ரைகிராஸுக்கு ஈடாக விளைந்தது. பிளாண்டேன் என்பது இங்கு வாழையன்று. இசப்பகோல் தரும் செடியின் இனத்துக் கீரை.

இனி விதைக்கும் முறை. வெள்ளைக் கிளோவர் விதை கடுகினும் மிகச் சிறிது. ஒரு கிலோவில் சுமார் 15 லட்சம் விதைகள் அடங்கும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே புதைந்தால் முளைத்து மேலே வரப் பலமிராது. ஆதலின் புழுதியைப் பொடியாக்கி, உருளை ஓட்டி இறுக்கி, மேலாகத் தூவி, மறுபடியும் உருளை ஓட்டுவார்கள். கால் பதித்தால் சுவடு ஆழாத அளவுக்குத் தரை இறுகியிருத்தல் வேண்டும். விதைக்கையில் நைட்ரஜன் உரத்தை அள்ளி இடுவது புல்லுக்கு உதவிக் கிளோவரை நெருக்குவதாகும். பிரிட்டனில் ஆகஸ்டு கடந்தால் குளிருக்கு முன் கிளோவர் வேரூன்றாது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்துகளிற் பெரும்பாலானவை கிளோவரையும் சிக்கரியையும் கொன்றுவிடும். எனவே விதைக்கும் முன்னரே களையை ஒழித்தாக வேண்டும்.

விதைத்த காசு நிற்பதும் போவதும் மேய்ப்பவனுடைய கையில் உள்ளது. புல்லைக் கையால் பறித்திழுத்தால் இலை மட்டும் அறுந்து வேர் தரையில் நிற்குமாயின், அன்று இளங்கால்நடைகளைச் சிறிது நேரம் விடலாம். அதுவரை பொறுப்பதற்கு மனம் வராது. தீவனமில்லாத மாதத்தில் பச்சைத் தரையை வெறுமனே பார்த்திருப்பது கடினமே. ஆயினும் அங்கேதான் பெரும்பாலான விதைப்புகள் வீணாகின்றன. பின்னர் ஒரு பாத்தியைச் சில நாள் மேய்த்து, மூன்று நான்கு வாரம் மூடி, அடுத்த பாத்திக்கு மாற்றுவர். வெள்ளைக் கிளோவர் தரையோடு ஓடும் தண்டால் பெருகுவது. புல் உயர விட்டால் வெளிச்சமின்றி அது குன்றும். சிவப்புக் கிளோவர் நிமிர்ந்து வளர்வது. அதன் குருத்தை ஒட்டக் கடித்தால் மடியும். ஒன்றிற்கு ஏற்றது மற்றொன்றிற்கு ஏலாது என்பது கலப்பு மேய்ச்சலின் தொல்லை. சிக்கரியும் பிளாண்டேனும் சில ஆண்டுகளில் குறைந்துவிடும். அப்போது மறுபடியும் விதை தூவ வேண்டியதே.

கிளோவரைத் தென்னாட்டுச் சமவெளியில் விதைக்க எவரும் பணம் செலவிட வேண்டாம். நீலகிரியின் குளிரில் வெள்ளைக் கிளோவர் தானாகவே பரவியிருக்கிறது. கோயம்புத்தூர் வெயிலில் அது தாங்காது. மானாவாரித் தரைக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் கலந்து விதைப்பதே பொருத்தம். முயல் மசாலும் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்ப்பதுதான். பாத்தி மாற்றி மேய்க்கும் முறையைக் காங்கேயத்துக் கொறங்காட்டுக்காரர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கிளுவை வேலியால் தரையைப் பிரித்து, நடுவே வெள்வேல் மரங்களை நிறுத்திக் கொழுக்கட்டைப் புல்லை அவர்கள் காத்து வருவது அம்முறையினால்தான்.

கிளோவர் மேய்ச்சலில் ஓர் அபாயமும் உண்டு. பசித்த மாடு பனி ஈரத்தோடு கூடிய தளிர்க் கிளோவரை அவசரமாகத் தின்றால், வயிற்றில் நுரை கட்டி உப்புசம் கண்டு, சில மணி நேரத்தில் இறக்கவும் கூடும். இளம் குதிரை மசாலைத் தனியே தின்னக் கொடுப்பவர்களும் இதை அறிந்திருத்தல் வேண்டும். அவிழ்த்து விடுமுன் வைக்கோலோ உலர்ந்த புல்லோ போட்டுப் பசி அடக்குவர். பனி காய்ந்த பிறகு முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் விட்டு, நாளடைவில் நேரத்தைக் கூட்டுவர். அவ்வேளையில் மேய்ப்பவன் தரையை விட்டு அகலாமல், இடது விலாப்பக்கம் உப்பும் மாட்டை உடனே வெளியே ஓட்டி, கால்நடை வைத்தியருக்கு ஆள் அனுப்புவான்.