பறையும் ஆப்ஜெக்டும்

(சங்கரன்கோவிலில் மாணவர்களிடையே பேசியது)

தோழர்களே, ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிஞ்சுபோச்சு. அதில் பொத்தான் அழுத்த மட்டும் பழகினவங்களுக்கு மிச்சமில்லை. ஆக்‌ஷன்ஸ்கிரிப்டை அடிப்படையோடு கற்றவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் அந்நியமாக இல்லை.

எது அடிப்படை? திரையில் ஒரு பறை வரைகிறோம். தோலின் விறைப்பு அதன் தகவல். தொட்டால் அதிர்வது அதன் செயல். இரண்டையும் சேர்த்துக் கட்டுவதே ஆப்ஜெக்ட். தீயில் காய்ச்சினால் விறைப்பு கூடும், ஒலி மாறும்.

கிளாஸ் அதற்கு அச்சு. இன்ஹெரிட்டன்ஸ் என்றால் வழிவழியாக வருவது. பிறப்புவழி என்றாலே நமக்கு எரியும், ஆனா கேளுங்க. 1995-இல் வந்த ஜாவாஸ்கிரிப்டில் கிளாசே கிடையாது, 2015-இல்தான் சேர்த்தார்கள். அதில் ஓர் ஆப்ஜெக்டின் முன்மாதிரியை நிரல் ஓடும்போதே மாற்றலாம்.

பிரவுசரும் நோட்பேடும் போதும். யாருக்கும் காசு கட்டவேண்டாம். விசைத்தறி ஓட்டுற வீட்டுப் பிள்ளைகளே, ஒரு வட்டம் வரையுங்க. தொட்டா அதிரணும். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாங்க.